யா

இரவு ஒன்று நாற்பது.
கெமி துறைமுகத்தில் கடல் தரையாகிவிட்டது,
மைனஸ் இருபத்தாறு.
பனி உடைக்கும் கப்பல்களுக்கு வழி கணிக்கும் அலுவலகத்தில்
மாடிப்படிக்கு அடியில் சர்வர்.
அதன் முதுகுப்பக்கம் வரும் சூட்டில்
என் கையுறைகள் காய்கின்றன.

கறுப்புத் திரை. துடிக்கும் ஒரு சதுரம்.
சுட்டி இல்லை, படம் இல்லை.
கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால்
துடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.
இப்படிப்பட்டவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போகிறது.

இன்றைய வேலை சின்னது:
சாம்பாவின் பழைய பொதியை எடுத்துவிட்டுப்
புதியதை வைப்பது.
சாம்பா என்பது வெயில் நாட்டு ஆட்டமாம்.
இங்கே ஆட்டம் ஏது,
நாற்பது பேரின் கோப்புகளைச் சுமந்தபடி
அசையாமல் நிற்கிறது.

நிறுத்து என்று தட்டுமுன்
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன்.
எந்தக் கையேட்டிலும் இல்லை, என் பழக்கம்.

முப்பத்தொன்பது பேர் வீட்டில்.
ஒருவர் மட்டும்:

        பயனர்: பெல்த்தாரி
        பங்கு: யா
        கோப்பு: கடிதம்-4
        பூட்டு: எழுத

எங்கள் மொழியில் யா என்றால் பனிக்கட்டி.
வாயை அகலத் திறந்து சொல்லவேண்டிய சொல்.
பனி வரைபடங்களுக்கான அந்தப் பங்குக்குப்
பதினொரு வருடம் முன்னால் பெயர் வைத்தது நான்.
அங்கே கடிதத்துக்கு என்ன வேலை?

பெல்த்தாரி, மூன்றாம் மாடி, பனியின் தடிமன் பார்ப்பவர்.
காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டால்
ஒரு வாரம் யோசிக்கிற மனிதர்.

நான் ரூட். வேர்.
வேர் போகாத அறை இந்தக் கட்டடத்தில் இல்லை.
ஒரு வரி தட்டினால் போதும்,
கடிதம் முழுதும் என் திரையில் அவிழும்.
விரல்கள் முதல் மூன்று எழுத்தைத் தட்டியும்விட்டன.

அழித்தேன்.
கைகளைக் கொண்டுபோய்
ஈரம் போகாத கையுறைகளுக்குள் நுழைத்துக்கொண்டேன்.

ஒன்று ஐம்பத்தைந்து. கடிதம்-5.
இரண்டு இருபது. கடிதம்-7.
ஆறு எங்கே?

மூன்றுக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
நாலரைக்கு முதல் கப்பல் வரைபடம் கேட்கும்.
இப்போது நிறுத்தினால் என்ன ஆகிவிடும்?
'இணைப்பு அறுந்தது' என்று அவர் திரையில் ஒரு சிறு பெட்டி,
சேமிக்காத பத்தி ஒன்று போகும், அவ்வளவுதான்.
ஆனால் சில பத்திகளை
மனிதன் இரண்டாம் முறை எழுதமாட்டான்.
ஓர் எச்சரிக்கை அனுப்பலாம்.
அனுப்பினால், யாரோ பார்க்கிறார்கள் என்று
அவருக்குத் தெரிந்துபோகும்.

சும்மா இருக்க முடியாமல் பட்டியலைத் துடைத்தேன்:
ஓய்வுபெற்ற மூவரை நீக்கினேன்,
பிள்ளை பெறப் போயிருக்கும் துய்குவைத் தொடவில்லை.
அமைப்புக் கோப்பில் யாரோ சிந்தியிருந்த
ஓர் அரைப்புள்ளியை எடுத்தேன்.
சோதிக்கச் சொன்னேன். எல்லாம் சரி என்றது.
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

மூன்று ஒன்பது. கடிதம்-9.
மூன்று பன்னிரண்டு. பட்டியலில் யாருமில்லை.

மேலே கதவு. பிறகு பூட்ஸ்,
என் உச்சந்தலைக்கு மேல்
ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.
எண்ணினேன். பதினேழாவதில் நின்றது.

யா என்பதற்கு எங்களிடம் இன்னொரு பொருள் உண்டு.
இரு. போகாதே.
இரண்டுக்கும் ஒரே ஒலி;
பேசும் இடத்தை வைத்துப் புரிந்துகொள்வோம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
விசிறி மட்டும் சுற்றியது.

எவ்வளவு நேரம் என்று பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்,
படிக்கட்டுக்குப் பதிவேடு கிடையாது.
பூட்ஸ் திரும்பி ஏறியது.

கேட்டேன்.

        பயனர்: பெல்த்தாரி
        பங்கு: யா
        கோப்பு: தடிமன்-பிப்ரவரி
        பூட்டு: எழுத

புதிய பொதி வந்த இடத்திலேயே கிடக்கிறது, பிரிக்கவில்லை.
காலைக் குறிப்பில் எழுதினேன்:
மேம்படுத்தல் ஒத்திவைப்பு.
காரணம்: உள்ளே ஒருவர் இருக்கிறார்.